32,000 ரூபாய் சம்பளத்தில் சென்னையில் மாதச் செலவு எவ்வளவு ஆகும்? (கோத்தகிரியிலிருந்து ஒரு கேள்வி)

1. ஹட்டிப்பெண் (கோத்தகிரி), 12 ஜூன் 2025

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரிக்கு அருகிலுள்ள ஒரு ஹட்டியை (படுகர் சிற்றூரை) சேர்ந்தவள் நான். கோவையில் படிப்பை முடித்து இரண்டு மாதங்கள் ஆகின்றன. சென்னையில், பழைய மாமல்லபுரம் சாலையில் பெருங்குடியில் உள்ள ஒரு நிறுவனத்தில் வேலை கிடைத்திருக்கிறது. ஜூலை 7ஆம் தேதி சேர வேண்டும். ஆண்டுக்கு 3,84,000 ரூபாய் என்று கடிதத்தில் குறிப்பிட்டிருக்கிறார்கள். அதாவது மாதம் 32,000.

நான் ஒரு தாளில் கணக்குப் போட்டேன். தங்குமிடம் 8,000, சாப்பாடு 3,000, போக்குவரத்து 1,000, இதரச் செலவு 2,000, ஆக மொத்தம் 14,000. மீதமுள்ள 18,000இல் 12,000 ரூபாயை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, 6,000 ரூபாயைச் சேமிக்கலாம் என்பது என் எண்ணம். தாளை அப்பாவிடம் காட்டினேன். அவர் மேலிருந்து கீழ்வரை படித்துவிட்டு, "இதில் மழை எங்கே இருக்கிறது?" என்று மட்டும் கேட்டார். எங்கள் ஒன்றரை ஏக்கர் தேயிலைக்குச் செலவுக் கணக்கு எழுதும்போது, எதிர்பாராத மழைக்கும் ஜனவரிப் பனிக்கும் என்று ஒரு வரியை அவர் எப்போதும் ஒதுக்கி வைப்பார். என் தாளில் அப்படி ஒரு வரி இல்லை.

சென்னையில் இருந்த அனுபவம் உள்ள நம் மலைக்காரர்கள் என் கணக்கில் எது விட்டுப்போயிற்று என்று சொல்ல வேண்டுகிறேன்.

2. அருவங்காடு ஆசிரியர்

வாழ்த்துகள் அம்மா. கணக்குப்பதிவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்பதால், செலவுக்கு முன் வரவைப் பார்க்க விரும்புகிறேன். பிழை அங்கேயே தொடங்கிவிட்டது. 3,84,000 என்பது நிறுவனம் உங்களுக்காகச் செலவிடும் தொகை. உங்கள் வங்கிக் கணக்கில் வந்து விழும் தொகை அது அன்று.

கடிதத்தின் இணைப்பில் ஒரு பட்டியல் இருக்கும், அதை எடுத்துப் பாருங்கள். அடிப்படைச் சம்பளம் பாதி, அதாவது 16,000 என்று வைத்துக்கொண்டால், வருங்கால வைப்பு நிதிக்கு உங்கள் பங்கு 12 விழுக்காடு, 1,920 ரூபாய். நிறுவனம் செலுத்த வேண்டிய அதே 1,920 ரூபாயையும் பெரும்பாலான நிறுவனங்கள் இந்த 32,000க்குள்தான் அடக்கிக் காட்டுகின்றன. பணிக்கொடைக்கென்று (கிராஜுவிட்டி) ஏறத்தாழ 770 ரூபாயையும் சேர்த்திருப்பார்கள். இவை மூன்றும் போக 27,390 நிற்கும். சென்னை மாநகராட்சிக்குரிய தொழில் வரி, உங்கள் வருமானத்துக்கு அரையாண்டுக்கு 1,250 ரூபாய். அதை மாதந்தோறும் பிடிக்காமல் ஒரே மாதத்தில் மொத்தமாகப் பிடிக்கும் நிறுவனங்கள் உண்டு. அந்த மாதம் சம்பளம் குறைந்துவிட்டது என்று பதற வேண்டாம். புதிய முறையில் இந்த வருமானத்துக்கு வருமான வரி வராது. ஆக, கைக்கு வருவது 27,000 என்றே வைத்துக்கொண்டு மேலே எழுதுங்கள். நீங்கள் நினைத்த 32,000இல் ஐயாயிரம் ரூபாய், பெட்டி கட்டும் முன்பே போய்விட்டது.

வைப்பு நிதி உங்கள் பணம்தான் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதைக் கொண்டு இந்த மாத வாடகையைக் கொடுக்க முடியாது.

3. கூடலூர் அக்கா (இப்போது துரைப்பாக்கம்)

தங்கைக்கு வணக்கம். பெருங்குடிக்குப் பக்கத்திலேயே மூன்று ஆண்டுகளாகப் பெண்கள் பிஜி (உணவுடன் கூடிய கட்டண விடுதி) ஒன்றில் இருக்கிறேன். என் மே மாதக் குறிப்பேட்டை அப்படியே தருகிறேன்.

மூவர் தங்கும் அறை, ஏசி இல்லாதது, உணவு உட்பட 8,500. வெளியில் சாப்பிட்டது 2,400. ஷேர் ஆட்டோவும் பேருந்தும் சேர்த்து 900. கைப்பேசி 350. சோப்பு, ஷாம்பு, நாப்கின், மாத்திரை எல்லாம் சேர்த்து 1,000. கூட்டினால் 13,150. ஊருக்குப் போய் வந்ததற்கு 1,300 தனி.

"உணவு உட்பட" என்று பலகையில் எழுதியிருக்கும்போது வெளியில் சாப்பிட 2,400 எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். ஞாயிற்றுக்கிழமை இரவு எங்கள் பிஜியில் அடுப்பு எரியாது. வாரநாட்களில் இரவு ஒன்பது மணிக்குப் பிறகு வந்தால் பாத்திரத்தின் அடியில் குழம்பு மட்டும் இருக்கும். மதிய உணவை டப்பாவில் கட்டிக்கொண்டு போனால், மே மாத வெயிலில் ஒரு மணிக்குள் அது புளித்த வாடை வீசத் தொடங்கிவிடும். நம் ஊரில் காலையில் செய்த சோறு மாலை வரை கெடாமல் இருந்த பழக்கத்தில், முதல் மாதம் முழுவதும் நான் டப்பாவைக் குப்பையில் கொட்டினேன். ஆகவே, பிஜி உணவில் பாதியைத்தான் சாப்பிடுவோம் என்று கணக்கிடுவதே சரி.

கைப்பேசியைப் பற்றியும் ஒரு சொல். ரீசார்ஜ் 28 நாட்களுக்குத்தான் வரும். ஆண்டுக்குப் பன்னிரண்டு முறை அன்று, பதின்மூன்று முறை. சிறிய தொகைதான். ஆனால் "மாதம்" என்று நாம் நினைப்பது ஊருக்கு ஊர், கடைக்குக் கடை வேறுபடுகிறது என்பதை எனக்கு முதலில் கற்றுக்கொடுத்தது அதுதான்.

4. மஞ்சூர்வாசி

இவ்வளவு தொலைவு போவதற்குப் பதிலாகக் கோவையிலேயே 22,000க்கு ஒரு வேலை பார்த்தால் சனிக்கிழமை மாலையே வீட்டில் இருக்கலாமே? போக்குவரத்துச் செலவும் மிச்சம்.

5. ஹட்டிப்பெண்

அண்ணா, கோவையில் இரண்டு மாதம் தேடினேன். கிடைத்த ஓர் இடத்தில் 14,000 என்றார்கள். எனவே சென்னையை வைத்தே பேசுவோம்.

அக்கா, தோழிகள் இருவருடன் சேர்ந்து வீடு எடுத்துச் சமைத்துக்கொண்டால் பிஜியைவிடக் குறைவாகாதா?

6. குன்னூரான் (மேடவாக்கம்)

நான் 2014 முதல் சென்னையில் குடும்பத்துடன் இருக்கிறேன். வீடு எடுப்பதைப் பற்றி நான் சொல்வதே பொருத்தமாக இருக்கும்.

மேடவாக்கத்தில் இரண்டு படுக்கையறை கொண்ட வீட்டுக்கு நான் கொடுக்கும் வாடகை 16,000. மூன்று பேர் பகிர்ந்தால் ஆளுக்கு 5,300தான் என்று தோன்றும். ஆனால் வீட்டுக்காரர் முதலில் கேட்பது அட்வான்ஸ். நான் ஒரு லட்சம் கொடுத்தேன். பத்து மாத வாடகை கேட்பவர்கள் இன்றும் உண்டு. 2017ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகையை அளவாகச் சொல்கிறது. ஆயினும் இரு தரப்பும் வேறு விதமாக உடன்பட்டால் அது செல்லும் என்ற வாசலும் அதிலேயே இருப்பதால், ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் இடத்தில் அந்தச் சட்டத்தை எடுத்துச் சொல்லி வென்ற எவரையும் நான் சந்தித்ததில்லை. தரகருக்கு ஒரு மாத வாடகை. காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையைக் கழித்துக்கொண்டுதான் அட்வான்ஸைத் திருப்பித் தருவார்கள். ஓராண்டில் காலி செய்தால், இந்த இரண்டு மாத வாடகையையும் பன்னிரண்டால் வகுத்து உங்கள் வாடகையோடு கூட்டிப் பாருங்கள். 16,000 என்பது உண்மையில் 18,666 ஆகிவிடும்.

அடுத்தது மின்சாரம். நம் ஊரில் மின்விசிறியே இல்லாத வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது புரியாத கணக்கு. கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, முதல் 100 யூனிட் இலவசம். ஆனால் இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால், தாண்டிய யூனிட்டுகளுக்கு விகிதம் கூடுவதோடு, கீழே உள்ள யூனிட்டுகளுக்குக் கிடைத்துவந்த சலுகையும் குறைந்துவிடும். 500இல் நின்றவர் 510 ஆக்கினால் அந்தப் பத்து யூனிட்டுக்காக முந்நூறு ரூபாய்க்கு மேல் கூடுதலாகக் கட்ட நேரும். ஒன்றரை டன் ஏசி பழைய வகையாக இருந்தால் மணிக்கு ஒரு யூனிட்டுக்கு மேல் எடுக்கும். இரவு எட்டு மணி நேரம் என்றால் எட்டு யூனிட், அறுபது நாளில் 480. குளிர்சாதனப்பெட்டி, விசிறி, தண்ணீர் மோட்டார் எல்லாம் அதற்கு மேல்தான் வரும்.

இங்கே ஒரு தந்திரத்தைக் கவனியுங்கள். ஒரே வளாகத்தில் பல குடித்தனங்கள் வைத்திருக்கும் வீட்டுக்காரர்கள் சிலர், சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு எட்டு ரூபாய், பத்து ரூபாய் என்று ஒரே விகிதத்தில் வாங்குவார்கள். அந்த வீட்டில் உங்களுக்கு இலவச 100 யூனிட்டும் இல்லை, குறைந்த விகிதமும் இல்லை. வாடகை ஆயிரம் ரூபாய் குறைவாக இருக்கிறதே என்று மகிழ்ந்து அப்படி ஒரு வீட்டுக்குப் போய், ஒரு கோடைக்காலத்துக்குள் அந்த ஆயிரத்தையும் அதற்கு மேலும் இழந்தவன் நான். வீடு பார்க்கப் போகும்போது சமையலறையின் அகலத்தைப் பார்ப்பதற்கு முன் மீட்டர் யார் பெயரில், எத்தனைக் குடித்தனத்துக்கு என்று கேளுங்கள்.

தண்ணீர்ச் செலவு நம் மலையில் கனவிலும் வராதது. குடிநீர்க் கேன் ஒன்று 35 அல்லது 40 ரூபாய், மாடி ஏற்றிக் கொடுக்க மேலும் ஐந்து ரூபாய். மற்றப் பயன்பாட்டுக்கு அடுக்ககம் லாரித் தண்ணீர் வாங்கினால் அது பராமரிப்புக் கட்டணத்தில் ஏறும். 2019 ஜூனில் புழல், பூண்டி, சோழவரம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டபோது, 1,800 ஆக இருந்த எங்கள் பராமரிப்புக் கட்டணம் 3,500 ஆயிற்று. உங்கள் அப்பா கேட்ட மழை இதுவாகவும் இருக்கலாம், பெய்யாத மழை.

சமையல் எரிவாயு இந்த 2025 ஜூனில் சென்னையில் உருளைக்கு 868 ரூபாய் 50 காசு. மூன்று பெண்கள் இரவு மட்டும் சமைத்தால் இரண்டரை மாதம் வரும். அரை லிட்டர் ஆவின் நீலப் பால் 20 ரூபாய், மாதம் 600. இவை பெரிய தொகைகள் அல்ல. முதல் ஆண்டு பிஜியில் இருந்து, ஊரும் தெருவும் பழகிய பிறகு, உடன் தங்கத் தக்கவர்கள் யார் என்று தெரிந்துகொண்டு வீடு எடுப்பதே நல்லது என்பது என் கருத்து. மூவரில் ஒருவர் நான்காம் மாதம் வேலை மாறி பெங்களூரு போய்விட்டால், அவருடைய பங்கு வாடகை உங்கள் தலையில் விழும்.

7. மேட்டுப்பாளையம் மண்டி

காய்கறியைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று எழுதுகிறேன். கேத்தியில் காலையில் பிடுங்கிக் கழுவிய கேரட் எங்கள் மண்டிக்கு வந்து, ஏலம் போய், லாரி ஏறி, மறுநாள் விடியலில் கோயம்பேட்டில் இறங்குகிறது. கமிஷன், ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, வழியில் குறையும் எடை, சில்லறை வியாபாரியின் இலாபம் எல்லாம் சேர்ந்து, தோட்டத்தில் 30 ரூபாய்க்குப் போனது துரைப்பாக்கம் தெருக்கடையில் 70 ரூபாய்க்கு நிற்கும். வீட்டுக் கொல்லையில் அவரையும் முட்டைக்கோஸும் பறித்துச் சமைத்தவர்கள் "சாப்பாட்டுக்கு 3,000" என்று எழுதுவதில் வியப்பில்லை. அவர்கள் வீட்டில் காய்க்கு இதுவரை யாரும் பணம் கொடுத்ததே இல்லை.

8. ஹட்டிப்பெண்

உண்மைதான் ஐயா. இன்று அம்மாவிடம் உட்கார்ந்து, எங்கள் வீட்டில் பணம் கொடுக்காமல் வருபவை எவை என்று எழுதினேன். காய், விறகு, தண்ணீர், வீட்டு வாடகை, ரேஷன் அரிசி. பக்கம் நிறைந்துவிட்டது. வீட்டுச் செலவை வைத்துச் சென்னைச் செலவை ஊகிக்க முயன்றதுதான் என் பிழை என்று இப்போது புரிகிறது.

ஓர் ஐயம். பெண்களுக்குப் பேருந்து இலவசம் என்பதால் போக்குவரத்துக்கு ஒன்றும் ஒதுக்க வேண்டாம் என்று ஒரு தோழி சொல்கிறாள். அது சரியா?

9. கூடலூர் அக்கா

2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் மட்டும் இலவசம். சென்னையில் அவற்றின் முன்பக்கம் இளஞ்சிவப்பாக இருக்கும். பழைய மாமல்லபுரம் சாலையில் டீலக்ஸும் ஏசியும் அடிக்கடி வரும், இளஞ்சிவப்பு வரும்வரை நிற்க வேண்டும். காலை 8.40க்கு நிறுத்தத்தில் நின்று, வரும் பேருந்துகளின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்து, ஒன்பது மணிக்கு மனம் உடைந்து ஷேர் ஆட்டோவில் ஏறுவது எங்கள் அறைத் தோழிகள் அனைவருக்கும் பழக்கமான நாடகம். எல்லா ஏசி அல்லாத மாநகரப் பேருந்துகளிலும் விருப்பம்போல் பயணம் செய்ய 1,000 ரூபாய்க்கு மாத அட்டை இருக்கிறது. தொலைவில் தங்குபவர்களுக்கு அது இலாபம். இந்தச் சாலையில் மெட்ரோ இன்னும் கட்டுமானத்தில்தான் இருக்கிறது. நீங்கள் அலுவலகத்திலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் தங்கினால் 900 போதும். வாடகை குறைவென்று கேளம்பாக்கத்தில் தங்கினால், மிச்சமாகும் 1,500 ரூபாய்க்கு நாள்தோறும் இரண்டு மணி நேரத்தை விலையாகக் கொடுப்பீர்கள்.

10. அருவங்காடு ஆசிரியர்

மாதந்தோறும் வருவதை எல்லோரும் சொல்லிவிட்டார்கள். மாதந்தோறும் வராததை நான் சொல்கிறேன். நம் படுகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகைக்குக் கோத்தகிரி அருகே பேரகணிக்கு வராமல் இருக்கப் போகிறீர்களா? தீபாவளிக்கு? உறவில் திருமணத்துக்கும் இறப்புக்கும்? இவை ஒவ்வொன்றும் நிகழும் மாதத்தில் கணக்கு உடையும். உடைந்ததும் "இந்த மாதம் மட்டும்" என்று நாமே நமக்குச் சமாதானம் சொல்வோம். என் மகன் சென்னையில் இருந்த மூன்று ஆண்டுகளில் "இந்த மாதம் மட்டும்" என்று சொல்லாத மாதம் ஒன்றுகூட இருந்ததாக எனக்கு நினைவில்லை. ஓராண்டுக்குரிய இத்தகைய செலவுகளை எழுதி, கூட்டி, பன்னிரண்டால் வகுத்து, அந்தத் தொகையைச் சம்பளம் வந்த அன்றே வேறு கணக்குக்கு மாற்றிவிடுங்கள்.

சென்னைக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் இடையே ஓடும் நீலகிரி விரைவு வண்டிக்கு முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. பண்டிகை நாட்களுக்குத் திறந்த சில நிமிடங்களில் காத்திருப்போர் பட்டியலாகிவிடும். தவறவிட்டால் ஆம்னி பேருந்துக்கு நான்கு மடங்கு கொடுக்க வேண்டியிருக்கும், கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் வரை போகும் ஆட்டோ தனி. ஆகவே நாட்காட்டியைப் பார்த்து முன்பதிவு செய்வதும் செலவுக் கணக்கின் ஒரு பகுதிதான்.

11. ஹட்டிப்பெண், 15 ஜூன் 2025

எல்லோரும் சொன்னதை வைத்துத் திருத்தி எழுதியிருக்கிறேன்.

மாதந்தோறும்: பிஜி 8,500, வெளியுணவு 2,500, போக்குவரத்து 1,000, கைப்பேசி 350, சோப்பு முதல் மருந்து வரை 1,200. ஆக 13,550.

மழை (அப்பாவின் வரி, ஓராண்டுக்கு): ஊருக்கு ஆறு முறை 7,800, தீபாவளிக்குக் கூடுதல் 2,000, ஹெத்தையம்மன் பண்டிகைக்கு வெள்ளை உடையும் காணிக்கையும் 3,000, துணியும் செருப்பும் 7,000, மருத்துவர் 4,000, திருமண மொய் 5,000, கைப்பேசி பழுது 3,000. ஆக 31,800. மாதத்துக்கு 2,650.

இரண்டும் சேர்த்து 16,200. கைக்கு வரும் 27,000இல் மீதம் 10,800. வீட்டுக்கு 12,000 அனுப்புவதாக நான் சொன்னது வாய்ச்சொல்லாகவே போயிருக்கும். 6,000 அனுப்புவதாக அம்மாவிடம் இன்று மாற்றிச் சொன்னேன். அவர் அதையும் அதிகம் என்றார்.

முதல் மாதக் கணக்கில்தான் தடுமாறுகிறேன். பிஜி அட்வான்ஸ் 8,500, முதல் மாதம் 8,500, மெத்தை, வாளி போன்றவை 3,000, பருத்தித் துணி 4,000, பயணம் 750, முதல் மாத இதரச் செலவு 5,050. ஆக 29,800 ரூபாய், ஒரு ரூபாய்கூடச் சம்பளம் வருவதற்கு முன். ஜூலையில் 25 நாட்களுக்குரிய சம்பளம்தான் வரும், அதுவும் மாதக் கடைசியில். கூட்டுறவுத் தொழிற்சாலையில் இருந்து பசுந்தேயிலைப் பணம் அடுத்த மாதம்தான் வரும். அப்பா 20,000 தருகிறார், மீதிக்கு அத்தையிடம் கேட்டிருக்கிறேன். முதல் ஆறு மாதம் என் சேமிப்பு என்பது இவர்களுக்குத் திருப்பிக் கொடுப்பதுதான்.

12. கூடலூர் அக்கா

தங்கை, அந்த 29,800ஐக் கொஞ்சம் குறைக்கலாம். எங்கள் பிஜியில் கட்டிலும் மெத்தையும் தருகிறார்கள். நீங்கள் பார்க்கும் இடத்திலும் கேட்டுவிட்டு வாங்குங்கள். வாளி, கோப்பை, துணிக்கயிறு ஆகியவற்றைக் காலி செய்துபோகும் பெண்கள் விட்டுவிட்டுப் போவார்கள், மாடியில் ஒரு மூலை நிறைய இருக்கிறது. அட்வான்ஸ் கொடுக்கும்போது, காலி செய்வதற்கு எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும், எவ்வளவு கழிப்பார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். வாயால் சொன்ன 500 ரூபாய்க் கழிவு, நான் முன்பு இருந்த இடத்தில் வெளியேறும் நாளில் 3,000 ஆயிற்று.

முதல் மாதச் சம்பளத்தைப் பற்றியும் மனிதவளப் பிரிவில் இப்போதே கேளுங்கள். சில இடங்களில் 20ஆம் தேதிக்குப் பிந்தைய நாட்களுக்குரிய பணத்தை அடுத்த மாதத்தோடு சேர்த்துத் தருவார்கள்.

13. ஹட்டிப்பெண்

கேட்டுவிட்டேன் அக்கா. ஜூலைச் சம்பளம் 31ஆம் தேதி முழுமையாக வருமாம். ஜூலை 5, சனிக்கிழமை இரவு வண்டிக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து பதிவு செய்திருக்கிறேன், காத்திருப்போர் பட்டியலில் 14. அம்மா இரண்டு கம்பளிகளை மடித்துப் பெட்டியில் வைத்திருக்கிறார். கொண்டு வரட்டுமா?

14. கூடலூர் அக்கா

கம்பளி வேண்டாம். மாடித் தொட்டித் தண்ணீரே பகலில் கொதிக்கும் ஊர் இது. அந்த இடத்தில் இரண்டு கிலோ தேயிலைத்தூளும், உங்கள் கொல்லை உருளைக்கிழங்கு கொஞ்சமும் வையுங்கள். ஞாயிறு இரவுக்கு ஆகும்.